செல்வமேரியின் மூக்கு

கொடைக்கானலில் யூகலிப்டஸ் தைலக் குப்பி இல்லாத வீடு ஒன்றே ஒன்று இருந்ததென்றால் அது செல்வமேரியின் வீடு. அந்த மலையில் தலைவலிக்குத் தைலம், சளிக்குத் தைலம், மழையில் நனைந்து வந்தால் தைலம், ஒன்றுமில்லாவிட்டாலும் பழக்கத்துக்காக ஒரு சொட்டுத் தைலம். செல்வமேரி மட்டும் தன் பிள்ளைகளுக்கு இருமல் வந்தால் மிளகைத் தட்டிக் கஷாயம் வைப்பாள், துளசியைக் கசக்கிச் சாறு பிழிவாள், தைலத்தை வாசற்படி தாண்ட விடமாட்டாள். பெற்ற பிள்ளை இருமுவதை வேடிக்கை பார்க்கிறாளே என்று அக்கம்பக்கத்தில் பேசத்தான் செய்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தைலம் அவளுக்கு வேலைச் சாமான். அதை வீட்டுக்குள் விட்டால் மூக்கு மழுங்கிவிடும் என்பது அவள் கட்சி.

அவளுடைய வேலை என்னவென்று கேட்டால் சிலர் சிரிப்பார்கள், சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். பங்களாக்களின் கக்கூஸ் குழாய் மண்ணுக்கடியில் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று மோந்து கண்டுபிடிப்பதுதான் அது.

அவள் புருஷன் கஸ்பார் குழாய் வேலைக்காரன். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டு போக, மதுரையிலும் திருச்சியிலும் இருந்த பெரிய மனிதர்கள் அந்தப் பங்களாக்களை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. வாளி வைத்த பழைய கக்கூஸ்களை எடுத்துவிட்டு, சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டுகிற கக்கூஸ்களை வைத்தார்கள். சங்கிலியை இழுத்தவருக்கு அத்தோடு கவலை விட்டது. அதற்குமேல் அது போகிற பாதையெல்லாம் கஸ்பாரின் கவலை. மெருகு போட்ட மண் குழாய்களை ஒன்றின் வாயில் ஒன்றாகச் செருகி, தார் தோய்த்த சணலைச் சுற்றி, சிமென்ட் பூசிப் புதைத்திருப்பார்கள். மலை மண் சும்மா கிடக்குமா? மழைக்கு இறங்கும், வெயிலுக்கு வெடிக்கும். மரத்து வேர் வேறு ஈரத்தைத் தேடி வந்து இணைப்புக்குள் நுழைந்துவிடும்.

அடைப்பு என்றால் மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தி எடுத்துவிடலாம். கசிவுதான் ஆளைக் கொல்லும். மேலே ஒன்றும் தெரியாது, தோட்டம் முழுவதையும் தோண்டிப் போடவும் முடியாது. அதற்குத்தான் தைலம். காற்றுக் குழாயையும், செப்டிக் டேங்குக்குள் போகிற கீழ் முனையையும் ஈரச் சாக்கால் அடைத்துவிட்டு, குளியலறைப் பக்கத்து மேல் முனையில் தைலத்தை ஊற்றி அதன் தலையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் கொட்டவேண்டும். ஆவி குழாய் முழுக்க நிறைந்து, எங்கே விரிசலோ அங்கே மண் வழியாக வெளியே வரும். வெளியில் ஒருவர் தரையை மோந்துகொண்டே நடந்தால் இடம் அகப்பட்டுவிடும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. தைலம் ஊற்றியவர் மோக்கக் கூடாது. அவர் கையிலும் சட்டையிலும் அந்த வாடையே ஒட்டியிருப்பதால் அவர் போகிற இடமெல்லாம் குழாய் உடைந்த மாதிரிதான் இருக்கும். ஆகவே ஊற்றியவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கவேண்டும். கூப்பிட்டால்தான் வெளியே வரலாம்.

கஸ்பார் ஊற்றுவான். மோப்பதற்குத்தான் ஆள் இல்லை. குழாய் வேலை பார்க்கிற ஆண்பிள்ளைகளில் பீடி குடிக்காதவனோ பொடி போடாதவனோ அகப்படுவது குதிரைக் கொம்பு. அவன் கூட்டிவந்தவர்கள் எல்லாம் குத்துமதிப்பாக ஓரிடத்தைக் காட்டினார்கள், அவனும் தோண்டித் தோண்டி இடுப்பொடிந்து போனான். ஒருநாள் மத்தியானம் சோறு கொண்டுவந்த செல்வமேரி, தூக்குச் சட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அந்த ரோசாச் செடிகிட்டத் தைல வாடை அடிக்குது. அங்கிட்டு எதுக்கு வெட்டிக்கிட்டுக் கெடக்கீங்க?" ரோஜாச் செடியருகே தோண்டினார்கள். குழாய் அங்கேதான் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அது புதிதல்ல. அவள் அப்பா சிலுவைராஜ் ஒரு துரை வீட்டுக் குசினியில் சமையல்காரராக இருந்தவர். வெண்ணெய் காறிவிட்டதா, இறைச்சி நேற்றுடையதா என்று சந்தேகம் வந்தால் மகளைத்தான் கூப்பிடுவார். அப்பாவுக்குப் பயன்பட்ட மூக்கு இப்போது புருஷனுக்குப் பயன்பட்டது. கொஞ்ச நாளில் 'மூக்கு மேரி' என்றால் ஏரியைச் சுற்றியுள்ள பங்களாக்கள் அத்தனைக்கும் தெரிந்தது. வத்தலக்குண்டிலிருந்து வருகிற அண்ணி மட்டும், "பீக்குழாயை மோந்துக்கிட்டுத் திரியிறவ" என்று சொல்லி அவள் வீட்டில் கை நனைக்க மாட்டாள். செல்வமேரி அதற்கு அழவில்லை. வேலைக்குப் போகிற நாளில் தலையில் பூ வைக்க மாட்டாள், வெங்காயம் தின்ன மாட்டாள், கஸ்பாரின் பீடி நாற்றத்துக்காக அவனை எட்டப் படுக்கச் சொல்வாள். தன் மூக்கின் மேல் அவளுக்கு அவ்வளவு கர்வம். கொஞ்சம் அதிகமான கர்வம்தான்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம், தேசமெல்லாம் சுற்றிய புளூ காய்ச்சல் மலையேறி வந்தது. வீட்டுக்கு வீடு பாய் விரித்துப் படுத்தார்கள். செல்வமேரியும் படுத்தாள், எழுந்தாள். கஞ்சி சப்பென்று இருந்தது, காபி வெறும் வெந்நீராக இருந்தது. காய்ச்சல் வாய் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அவர்கள் குடியிருந்தது ஒரு சரிவில் இருந்த வரிசை வீடுகளில். சுவருக்கு அந்தப் பக்கம் கந்தம்மாள் இருந்தாள். பூண்டு மண்டியில் நாள் முழுக்கப் பூண்டு உரிக்கிறவள். வள்ளி என்று ஒரே பெண் குழந்தை. கந்தம்மாளுக்கு அம்மை கண்டபோது வள்ளிக்குச் சோறூட்டியது செல்வமேரிதான். அந்த அளவுக்குப் பழக்கம். ஒரு சாயங்காலம் செல்வமேரி தணலில் நெத்திலிக் கருவாட்டைப் போட்டுவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"மேரிக்கா! கருவாடு கருகுதுக்கா!"

திரும்பிப் பார்த்தால் அடுப்படி முழுக்கப் புகை. கருவாடு கரியாகிக் கிடந்தது. கை எட்டுகிற தூரத்தில் கருகியது அவளுக்குத் தெரியவில்லை, சுவர் தாண்டி இருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"தெரியும்டி, முறுகட்டும்னுதான் விட்டேன்" என்றாள்.

அன்றைக்கே வாசலுக்கு வெளியே மாட்டியிருந்த கஸ்பாரின் சாமான் பையைத் திறந்து தைலக் குப்பியை மூக்கருகே பிடித்துப் பார்த்தாள். மூக்குக்குள் சுரீர் என்று எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. வாசனை மட்டும் இல்லை. மூக்கு உள்ளவரைக்கும் சளி என்பார்கள். அவளுக்குச் சளி போய்விட்டது, மூக்கும் இருந்தது, அதில் இருந்த சங்கதிதான் போய்விட்டது.

இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காத்திருந்தாள். கோயிலில் சாம்பிராணி போடும்போது மூச்சை இழுத்துப் பார்ப்பாள். ஈர மண்ணை அள்ளி மோந்து பார்ப்பாள். கஸ்பாரிடம் சொல்லவில்லை. சொன்னால் பிழைப்பு என்னாவது என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மூக்கு போனால் மூக்கு மேரியில் மேரிதானே மிச்சம்? வேலைக்குக் கூப்பிட்டபோது போனாள். வழக்கம்போல் குனிந்தாள், நடந்தாள். எங்கே குழாய் வளைகிறது, எங்கே மரம் நெருங்குகிறது என்று இத்தனை வருஷப் பழக்கத்தில் தெரியும். குத்துமதிப்பாகக் கை காட்டினாள், அதிர்ஷ்டம் இரண்டொரு தடவை கை கொடுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை என்று அவளுக்கே தோன்றத் தொடங்கிவிட்டது.

வரிசை வீடுகளுக்கு நேர் மேலே, சரிவின் உச்சியில் பேரிக்காய் பங்களா இருந்தது. அதை வாங்கியவர் சுவாமிநாதன் என்று ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீசனுக்கு மட்டும் வந்து போகிறவர் அல்ல, குடும்பத்தோடு வருஷம் முழுக்க அங்கேயே குடியிருந்தார். அந்தச் சரிவின் அடியில் ஒரு ஊற்று. வரிசை வீட்டுக்காரர்கள் குடித்ததும் சமைத்ததும் அந்த ஊற்றுத் தண்ணீரில்தான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நின்றதும் பங்களாவின் கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டது. பேரி மரத்தடியில் இருந்த சேம்பர் தொட்டி நிரம்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு அசிங்கம் புல்மேல் வழிந்து சரிவில் இறங்கியது. பார்த்தவர்கள் ஊற்றுப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டுச் சாலைக் குழாய்வரை ஏறி இறங்கினார்கள். கந்தம்மாள் மண்டிக்குப் போவதற்கு முன் ஒருமுறையும் வந்தபின் ஒருமுறையும் ஏறினாள்.

கஸ்பாரும் செல்வமேரியும் போனார்கள். பேரி மரத்து வேர்தான் குழாய்க்குள் புகுந்திருக்கவேண்டும் என்று மூக்கில்லாதவர்களும் சொல்லிவிடலாம். செல்வமேரி மரத்தடியைக் காட்டினாள். தோண்டினார்கள். சடை சடையாக வேர். அதை வெட்டி எடுத்து, குழாயை மாற்றி, இணைப்பைப் பூசினான் கஸ்பார். தண்ணீர் தடங்கலில்லாமல் இறங்கியது. சுவாமிநாதனுக்கு ஒரே சந்தோஷம்.

வேலை முடிந்தால் கடைசியாக ஒருமுறை தைலம் ஊற்றி, குழாய் போகிற பாதை முழுவதும் மோந்து பார்த்துச் சுத்தம் என்று சொல்லவேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். கஸ்பார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். செல்வமேரி மரத்தடியிலிருந்து புல்வெளி வழியாக டேங்க்வரை குனிந்தபடியே நடந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கே நின்றாலும் அவளுக்கு ஒன்றும் தெரியாதுதான். வேலிக்கு வெளியே கந்தம்மாள் வெறுங்குடத்தோடு நின்றாள்.

"என்னக்கா, இனிமே ஊத்துல எடுக்கலாமா?"

செல்வமேரி புல்லைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள். அப்புறம் சொல்லிவிட்டாள்.

"எடுக்கலாம்."

அன்றைக்கே எல்லாரும் ஊற்றுக்குத் திரும்பினார்கள். அந்த மழையில் புல்வெளிக்கு நடுவே மண் இறங்கி, குழாய் ஒன்றின் வாய் மற்றொன்றிலிருந்து கழன்றிருந்தது யாருக்கும் தெரியாது. அடைப்பு இருந்தவரைக்கும் அசிங்கம் மேலேயே நின்றது. அடைப்பை எடுத்ததும் அவ்வளவும் அந்தப் பிளவு வழியாக மண்ணுக்குள் இறங்கி, சத்தமில்லாமல் ஊற்றைப் பார்க்க நடந்தது. அவர்கள் பார்த்த வேலை நோயைக் கூப்பிட்டு வழிகாட்டிவிட்டது.

செல்வமேரி வீட்டிலும் அதே தண்ணீர்தான். ஆனால் கஸ்பார் தொழில் தெரிந்தவன், கொதிக்கவைக்காத தண்ணீரை வாயில் வைக்க விடமாட்டான். வள்ளிக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. விளையாடிவிட்டு ஓடிவந்து ஊற்றில் குனிந்து கையால் அள்ளிக் குடிக்கிற குழந்தை. மார்கழியில் அதற்குக் காய்ச்சல் கண்டது. கந்தம்மாள் தைலம் தடவிப் பார்த்தாள், கஷாயம் கொடுத்துப் பார்த்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள்.

கஞ்சி எடுத்துப்போக வந்த கந்தம்மாள் செல்வமேரியின் வாசலில் நின்றாள். தலை வாரவில்லை, கண் உள்ளே போயிருந்தது.

"டாக்டரு கேட்டாருக்கா, எங்கத் தண்ணி எடுக்குறீங்கன்னு. ஊத்துலன்னேன். மேல கக்கூஸ் குழாய் ஏதும் போகுதான்னாரு. போகுதுங்க, ஆனா எங்க மேரிக்கா மோந்து பாத்துச் சுத்தம்னு சொல்லிருச்சுன்னேன். அவரு எதையோ எழுதிக்கிட்டாரு." கலைந்த மயிரை ஒதுக்கிக்கொண்டாள். "இன்னொரு வாட்டி பாருங்கக்கா. மழை ஈரத்துல ஏதும் தப்பிப்போச்சோ என்னமோ. மத்த பிள்ளைகளும் அதத்தான குடிக்குது."

அவள் சண்டைக்கு வந்திருந்தால் செல்வமேரி தாங்கியிருப்பாள். அவள் இன்னமும் நம்பிக்கொண்டு வந்து நின்றாளே, அதுதான் ஈரக்குலையை அறுத்தது.

"பாக்குறேன்டி. அதுவரைக்கும் யாரும் ஊத்துல எடுக்க வேணாம்னு எல்லாருகிட்டயும் நானே சொல்லிடுறேன்" என்றாள். சொல்லவும் செய்தாள், வீடு வீடாகப் போய். ஏன் என்று கேட்டவர்களுக்கு, மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். எதை வைத்துப் பார்ப்பது என்பதுதான் அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளனே முதல் பூசைக்குப் புறப்பட்டாள். வானம் துடைத்த மாதிரி இருந்தது, குளிர் எலும்பைக் குத்தியது. அப்படிப்பட்ட காலையில் மலையில் உறைபனி விழும். புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். குறுக்குப் பாதை பேரிக்காய் பங்களாவின் வேலியை ஒட்டிப் போனது. வேலிக்குள் புல்வெளி முழுக்க வெள்ளை. நடுவில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் புல் பச்சையாக, ஈரமாக, மெல்ல ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

செல்வமேரி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எருக்குழி மேல் பனி தங்காது என்பது மலையில் ஆடு மாடு வைத்திருக்கிற எவருக்கும் தெரியும். அடியில் சூடு இருந்தால் மேலே பனி எப்படி நிற்கும்? பங்களாவில் காலையும் மாலையும் வெந்நீர்க் குளியல். அந்த வெந்நீர் டேங்குக்குப் போகவில்லை, இங்கே மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் மார்கழி தையில் இந்த வழியாகப் போயிருக்கிறாள். மூக்கு இருந்த கர்வத்தில் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை.

பூசைக்குப் போகவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து கஸ்பாரை உலுக்கினாள்.

"எந்திரிங்க, வெரசா வாங்க. பங்களாத் தோட்டத்துல நடுப் புல்லுல ஒடஞ்சிருக்கு."

"நீதான சுத்தம்னு சொன்ன?"

"இப்ப சொல்றேன்ல? வாங்க."

தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் மண் கறுத்துக் குழகுழவென்று வந்தது. கழன்ற குழாய் தெரிந்தது. கஸ்பார் குழியில் நின்றபடி நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான். மேலே நின்ற சுவாமிநாதன்தான் பேசினார்.

"மூக்குன்னா இதுதாம்மா மூக்கு! அன்னிக்கு மழை ஈரத்துல தப்பிப்போச்சு, ஆனாலும் விடாம வந்து பிடிச்சுட்ட பாரு. யாரும் ஒன்னைக் குத்தம் சொல்ல முடியாது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மழை ஈரம் என்ற சாக்கை அவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். கந்தம்மாளும் அதைத்தானே சொன்னாள்? தலையை ஆட்டினால் போதும். பிழைப்பும் பேரும் பழையபடி இருக்கும். செல்வமேரி தலையை ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. சணலைத் தாரில் தோய்த்துக் குழிக்குள் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சிமென்ட் காய்ந்ததும் மறுபடியும் தைலம் ஊற்றுகிற நாள் வந்தது. சாயங்காலம். கஸ்பார் வெந்நீர்ச் சட்டியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வேலிக்கு வெளியே வரிசை வீட்டுப் பெண்கள் நின்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கஞ்சிக்காக வந்த கந்தம்மாளும் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்கு இன்னும் காய்ச்சல் இறங்கவில்லை.

செல்வமேரி மரத்தடியில் குனிந்தாள். புல்வெளியைக் கடந்தாள். டேங்க்வரை போனாள். எங்கும் ஒன்றுமில்லை. பனியைப் பார்க்கலாமென்றால் சாயங்காலத்தில் பனி ஏது? குழாய் புதிது, பூச்சு புதிது, சுத்தமாகத்தான் இருக்கும். இருக்கும் என்று நினைப்பதும் இருக்கிறது என்று சொல்வதும் ஒன்றா? அன்றைக்கு அப்படி நினைத்துத்தானே சொன்னாள். அவள் வேலியருகே வந்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுத்தமா இருக்காம்மா?" என்றார் சுவாமிநாதன்.

"தெரியலீங்க." கந்தம்மாளைப் பார்த்துத் திரும்பினாள். "எனக்கு வாடையே தெரியாது. புளூ காய்ச்சல் வந்ததுலேருந்து மூக்கு செத்துப்போச்சு. கார்த்திகையில எடுக்கலாம்னு சொன்னேனே கந்தம்மா, அப்பவும் எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன்."

யாரோ ஒருத்தி, "அடிப்பாவி" என்றாள். கந்தம்மாள் வையவில்லை, அழவும் இல்லை. குடத்தைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"எதுலேருந்து எதுவரைக்கும்?"

செல்வமேரி கையால் பாதையைக் காட்டினாள். கந்தம்மாள் முழங்காலிட்டு, மூக்கு புல்லில் படுகிற மாதிரி, ஒவ்வொரு சாணாகத் தவழ்ந்தாள். மரத்தடியில் ஒன்றுமில்லை. நடுப் புல்லில் ஒன்றுமில்லை. டேங்க் சுவரை ஒட்டி, குழாய் உள்ளே நுழைகிற இடத்தில் நின்றாள். இன்னொரு தடவை முகத்தைப் புதைத்தாள்.

"இங்கன அடிக்குது."

சுவாமிநாதன் தயங்கினார். "நல்லாப் பாத்தியாம்மா? பூண்டு உரிக்கிற கை..."

"பூண்டு வேற, தைலம் வேற சாமி" என்றாள் கந்தம்மாள். "மார்கழி முழுக்க எம்புள்ள நெஞ்சுல தடவிக்கிட்டுக் கெடந்தேன். எனக்குத் தெரியாதா?"

மண்ணைச் சுரண்டினார்கள். டேங்க் சுவரோடு சேருகிற கடைசி வாயில் மயிரிழை போல ஒரு விரிசல். செல்வமேரி சுத்தம் என்று சொல்லியிருந்தால் அது அப்படியே இருந்திருக்கும்.

இவ்வளவு நடந்தும் ஒருவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. கூப்பிட்டால்தான் வெளியே வரவேண்டும் என்ற விதிப்படி கஸ்பார் குளியலறைக்குள்ளேயே தைல ஆவியில் கண் எரிய உட்கார்ந்திருந்தான். சரிவு முழுக்கத் தெரிந்துபோன சங்கதி கட்டின புருஷனுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு முன்னால் நடந்தான். சோறு போட்டபோது தட்டைத் தள்ளினான், பிறகு இழுத்துக்கொண்டான்.

"எத்தனை மாசம் ஆச்சு?"

"ஆனியிலேருந்து."

"கிட்ட வந்து படுத்தா பீடி நாத்தம்னு வைவியே. கொஞ்ச நாளா வையலையேன்னு பாத்தேன். பழகிப்போச்சு போலன்னு நெனச்சு நான் பாட்டுக்குச் சந்தோசமா இருந்தேன்டி."

செல்வமேரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுகைதான் மிஞ்சியது. "அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்று தேம்பினாள்.

ஒன்றும் ஆகவில்லை. வள்ளி பிழைத்துக்கொண்டது. தலைமயிர் முழுக்கக் கொட்டி, காலில் பலமில்லாமல் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்கப் பழகியது. ஊற்றை இறைத்துச் சுத்தம் செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, கோடை மழை வந்து கழுவிவிட்ட பிறகுதான் எடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை செல்வமேரி தன் வீட்டுக்குச் சாலைக் குழாயிலிருந்து எடுத்ததோடு, கந்தம்மாள் வாசலிலும் தினம் ஒரு குடம் கொண்டுபோய் வைத்தாள். கந்தம்மாள் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டாள். பேசத்தான் இல்லை.

வேலை கொஞ்ச நாள் படுத்துவிட்டது. சில பங்களாக்காரர்கள் மதுரையிலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள். பிறகு கஸ்பார் ஒரு புது வழக்கத்தை ஏற்படுத்தினான். எந்தப் பங்களாவாக இருந்தாலும் சரி, அதற்குக் கீழே யார் தண்ணீர் எடுக்கிறார்களோ அவர்களில் ஒருவர் வந்து மோந்து சொல்லவேண்டும். கூலிக்கு மோப்பவர் நாளைக்கு யாரோ, குடிக்கிறவர் அப்படியா? ஆள் கிடைக்காத இடத்துக்குக் கந்தம்மாளைக் கூப்பிட்டான், அவளும் மண்டிக்கு லீவு போட்டு வந்தாள். ஒரே புல்வெளியில் இருவரும் நிற்பார்கள். கந்தம்மாள், "இங்கனதாண்ணே" என்று கஸ்பாரிடம்தான் சொல்வாள். செல்வமேரி சாக்கை நனைப்பாள், சணலைத் திரிப்பாள். மார்கழி, தை வந்தால் மட்டும் விடிவதற்குள் சால்வையைப் போர்த்திக்கொண்டு பங்களாத் தோட்டங்களைச் சுற்றி வருவாள். பனி எங்கே படியவில்லை என்று பார்த்துவந்து புருஷனுக்குச் சொல்வாள். அறுபதுகளின் நடுவில்கூட அவளை அந்தக் குளிரில் வேலியோரமாகப் பார்த்தவர்கள் உண்டு. மூக்கு திரும்ப வரவே இல்லை. வீட்டுக்குள் தைலக் குப்பி வந்தது. இனிமேல் தடுத்து என்ன?

கந்தம்மாள் பேசாததுதான் அவளை அரித்தது. வேலையில் பேர் போனதுகூட அவ்வளவாக வலிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கந்தம்மாள் வள்ளியைக் கொஞ்சுவதும் திட்டுவதும் கேட்கும். இந்தப் பக்கம் இவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் ஒரு சாயங்காலம், தணலில் கருவாட்டைப் போட்டுவிட்டு, வாசலில் கூப்பிட்ட கடைசிப் பிள்ளையைப் பார்க்க எழுந்து போனாள். அங்கேயே நின்று வாயாடிக்கொண்டிருந்துவிட்டாள்.

"மேரிக்கா! கருவாடு கருகுது!"

உள்ளே ஓடிவந்து கருவாட்டைத் தணலிலிருந்து தள்ளி எடுத்தாள். முறுகட்டும்னுதான் விட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"எனக்குத் தெரியலடி" என்றாள். "நல்லவேளை, சொன்ன."

கந்தம்மாள் சுவரருகே வருவது கேட்டது.

"பாதியாவது தேறுமா?"

"தேறும்."

"அப்ப வள்ளிக்கு ரெண்டு குடுத்து விடுங்க. கருவாடு கருவாடுன்னு உசுர எடுக்குது."

அதற்குப் பிறகு பால் பொங்கினாலும் சோறு அடிப்பிடித்தாலும் செல்வமேரிக்கு அந்தச் சுவர் தாண்டித்தான் சேதி வரும்.